புதுப்பிப்பு: வைன் ஸ்டோர்ஸுக்க நிண்டு குடிக்கலாமா?

போன கிழமை புலம்பினன் தானே, கொழும்பு வெள்ளவத்தையில ஒரு வைன் ஸ்டோர்ஸ்ல (மதுக்கடை) பியர் டின் வாங்கி கவுண்டரடியிலயே டிக் எண்டு உடைக்க, கடைக்கார அண்ணை பாய்ஞ்சு வந்து நுரையோட பறிச்சு பேப்பர்ல சுத்தித் தந்தவர் எண்டு. அந்தாள்ல பிழையில்ல மச்சான். மதுவரித் திணைக்களத்தில இருந்து பென்ஷன் எடுத்த மாமாட்ட கேட்டன், அந்தக் கடைகளுக்கு இருக்கிறது எஃப்எல் 4 எண்ட லைசன்ஸ், வித்து அனுப்ப மட்டும்தான், இருந்து குடிக்கிறதெண்டா ரெஸ்டோரண்ட், ஹோட்டலுக்குக் குடுக்கிற லைசன்ஸ் வேற, எல்லாம் 1912ஆம் ஆண்டு மதுவரிக் கட்டளைச் சட்டத்துக்குக் கீழதான் ஓடுதாம். பிடிபட்டா அண்ணைட லைசன்ஸுக்குத்தான் ஆப்பு. ஐடி கேட்டதுக்கும் கோவிச்சனான், 21க்குக் குறைஞ்சவைக்கு விக்கக்கூடாது எண்டு 2006இலயே சட்டம் வந்திட்டுதாம் (எனக்கு 34, தாடி வேற). நேற்றுப் போய் சொறி சொன்னன், சிரிச்சுப்போட்டு மிச்சக் காசைத் தந்தார்.