மோட்டார் போட்டால் மீட்டர் கணக்கு எகிறுகிறது

கோத்தகிரியில் வீடு. வாசல் மின் மீட்டரின் சிவப்பு விளக்கு ஒரு யூனிட்டுக்கு 3200 முறை சிமிட்டும். அதை எண்ண, விளக்கின் மேல் போட்டோடிரான்சிஸ்டர் (ஒளியை உணரும் சென்சார்) ஒட்டி, 6 மீட்டர் சாதா வயர் இழுத்து, உள்ளே ராஸ்பெரி பை 3 என்ற குட்டிக் கணினியில் ஜிபிஐஓ 17 என்ற சிக்னல் பின்னுக்குக் கொடுத்திருக்கிறேன். (சீலைத் தொடவில்லை!)

இரண்டு வாரமாகக் கணக்கு உதைக்கிறது. நேற்று மீட்டரில் 4 யூனிட், அதாவது 12,800 சிமிட்டல். என் கணக்கில் 19,000-ஐத் தாண்டிவிட்டது. இரவில் சரியாக இருக்கிறது. காலையில் தண்ணீர் மோட்டார் ஓடும்போது மட்டும் எண் சடசடவென ஏறுகிறது. விளக்கு என்னவோ நிதானமாகத்தான் சிமிட்டுகிறது.

முதலில் பனி ஈரம் என்று நினைத்துக் கருப்பு டேப் சுற்றினேன். அப்புறம் சென்சாரை மாற்றினேன், சிக்னல் அலையாமல் பிடித்துவைக்க 10 கிலோ ஓம் புல்-அப் ரெசிஸ்டர் போட்டேன், புரோகிராமில் 50 மில்லிசெகண்ட் டிபவுன்ஸும் (அதற்குள் மறுபடி வரும் சிக்னலை எண்ணாமல் விடுவது) வைத்தாயிற்று. ம்ஹூம்.

மோட்டாரின் மின் இரைச்சல்தான் வயரில் ஏறுகிறதோ? ஷீல்டு வயர் (உலோக உறை போட்டது) மாற்றினால் போதுமா, இல்லை மீட்டர் பக்கத்திலேயே ஷ்மிட் ட்ரிகர் (சிறு இரைச்சலை ஒதுக்கி, சிக்னலைத் தெளிவான ஆன்/ஆஃப் ஆக்கும் சர்க்யூட்) வைக்க வேண்டுமா?