தழும்புக் குடலிறக்கத்துக்கு மெஷ் அளவு: தெரிந்தவர்கள் சொல்லுங்க

அண்ணாச்சிமாரே, அக்காமாரே, அம்பாசமுத்திரம் பக்கத்து அம்மா ஒருவருக்குத் தொப்புளுக்கு மேலே பழைய ஆபரேஷன் தழும்பில் குடலிறக்கம். சி.டி.யில் ஓட்டை 6×5 செ.மீ. லேப்ராஸ்கோப்பியில் (சிறு துளை வழி ஆபரேஷன்) வைக்க 15×15 செ.மீ. மெஷ் (ஓட்டையை மறைக்கும் செயற்கை வலை) எழுதியிருக்கிறார்கள். ஓட்டையின் விளிம்பைத் தாண்டிச் சுற்றிலும் 5 செ.மீ. படிய வேண்டுமென்றால் 16×15 ஆகிறதே. 20×15 வாங்கச் சொல்லலாமா? ஓட்டையைத் தைத்து மூடினாலும் கணக்கு தைப்பதற்கு முன்பிருந்த ஓட்டை அளவுக்குத்தான்.

வயிற்றுக்குள்ளே வைப்பதால் குடலைப் பார்க்கும் பக்கம் ஒட்டாத பூச்சு இருக்கணும். பூச்சில்லாத சாதா பாலிப்ரொப்பிலீன் (ஒருவகை பிளாஸ்டிக்) மெஷ் குடலோடு ஒட்டிக்கொள்ளும், நாளாவட்டத்தில் குடலில் துளைகூட விழலாம். விலையைப் பார்த்து அதில் சமரசம் வேண்டாம்.

பூச்சு மெஷ் பாளையங்கோட்டை, திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் எங்கே கிடைக்கும்? முதலமைச்சர் காப்பீட்டில் அதற்கும் பணம் வருமா? சர்க்கரை குறையக் காத்திருப்பதால் அவகாசம் இருக்கிறது. புடைப்பு உள்ளே போகாமல் வலி, வாந்தி வந்தால் மட்டும் உடனே தூக்கிக்கொண்டு ஓடணும்.