ரயில் மாறும் இடத்தில் பயண அட்டையை (காட்) தட்டுவதா, விடுவதா?

உவர்மலை

நம்மூர் திருகோணமலை ஸ்டேசனில் ஏறுகிறவருக்கு ரயில் மாறுவது என்றால் கல்லோயாச் சந்தி. மட்டக்களப்புக்குப் போகிறவர் அங்கே இறங்கி, அடுத்த ரயில் வரும்வரை நின்று ஏறுவார். கையில் அதே ரிக்கற். போகும் இடம் அதிலேயே அச்சாகியிருக்கும். இறங்கும் ஸ்டேசனில் வாங்கிக்கொள்வார்கள். நடுவில் செக்கர் கேட்டால் காட்டுவதோடு சரி.

இந்தப் பழக்கத்தோடு லண்டன், ரொறன்ரோ, பரிஸ் என்று பிள்ளைகளைப் பார்க்கப் போகிற அம்மா அப்பாமார் மாட்டுப்படுவது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான். ஒரு ரயிலால் இறங்கி மற்றதுக்கு நடக்கும் வழியில் காட் தட்டும் பெட்டி ஒன்று நிற்கும். தட்டினால் இரண்டு தரம் காசு போகுமோ, தட்டாவிட்டால் தண்டம் வருமோ? "எங்கே கண்டாலும் தட்டுங்க, பிழையில்லை" என்று ஒருவர் சொல்லி அனுப்புவார். "நடுவில் தொடவே கூடாது" என்பார் இன்னொருவர். இரண்டுமே சரி, ஆனால் வேறு வேறு ஊருக்கு. அதனால் அந்தந்த ஊரில் தினமும் ஓடித் திரிகிறவர்கள் எழுதினால் நல்லது.

பொதுவாக ஒன்றை முதலில் சொல்லிவைக்கலாம். நீங்கள் எங்கே போகிறீர்கள் என்று காட்டுக்குத் தெரியாது. தூரத்துக்குக் கட்டணம் எடுக்கும் ஊர்களில், உள்ளே போன இடமும் வெளியே வந்த இடமும் பதிந்த பிறகுதான் கணக்குப் பார்க்கும். ஒரு முனை பதியாமல் விட்டால் ஆகக்கூடிய கட்டணத்தை எடுத்துவிடும்.

ஈஸ்ட்ஹாம், லண்டன்

லண்டனுக்கு நான் சொல்கிறேன். இங்கே 2003இல் காசு ஏற்றித் தட்டும் ஒய்ஸ்டர் காட் வந்தது. 2014இலிருந்து பாங்க் காட்டையே ரியூப் என்ற நிலத்தடி ரயிலில் தட்டலாம். தட்டும் பெட்டியில் இரண்டுக்கும் ஒரே மஞ்சள் வட்டம்தான்.

காட்டைத் தட்டித் திறக்கும் கதவைத் தாண்டாமல் மாறுகிறீர்கள் என்றால் எதையும் தொட வேண்டாம். ஹீத்ரோவில் பிக்கடில்லி லைன் ஏறி ஈஸ்ட்ஹாம் வருகிறவர் பரன்ஸ் கோர்ட்டிலோ ஹமர்ஸ்மித்திலோ இறங்கி, எதிர்ப்பக்கம் வரும் டிஸ்ரிக்ட் லைனில் ஏறலாம். பெட்டியை இழுத்துக்கொண்டு படி ஏறி இறங்கும் வேலையும் இல்லை. எலிசபெத் லைனில் வந்தால் வைட்சப்பலில் மாற வேண்டும். அதுவும் உள்ளுக்குள்ளேதான். ஹீத்ரோவில் ஒரு தரம், ஈஸ்ட்ஹாமில் ஒரு தரம் தட்டினால் போதும். எலிசபெத் லைன் சுறுக்காக வரும், காசு கூட.

கதவைத் தாண்டித்தான் மற்ற ரயிலுக்குப் போக முடியும் என்றால் தட்டி வெளியே வந்து, தட்டி உள்ளே போக வேண்டும். வெஸ்ற் ஹாம்ஸ்ரெட்டில் ஜூபிலி லைன், ஓவர்கிரவுண்ட், தேம்ஸ்லிங்க் மூன்றும் ஒரே தெருவில் தனித்தனி ஸ்டேசன்கள். ஒன்றில் தட்டி இறங்கி, நடந்து போய் அடுத்ததில் தட்டி ஏறினால், குறித்த நேரத்துக்குள் இருக்கும்வரை ஒரே பயணமாகத்தான் கணக்கு. அந்த நேரம் இடத்துக்கு இடம் வேறு. "வந்ததுதான் வந்தோம், ஒரு தேத்தண்ணி" என்று கடைக்குள் புகுந்தால் இரண்டு பயணமாகிவிடும்.

ஆகச் சிக்கலானது டி.எல்.ஆர். என்ற இலகு ரயில். பல இடங்களில் பிளாட்போமுக்குக் கதவே கிடையாது. கம்பத்தில் காட் வாசிப்பான் மட்டும் நிற்கும். பயணத்தைத் தொடங்கும்போதும் முடிக்கும்போதும் அதைத் தேடிப் போய்த் தட்ட வேண்டும். கதவு மறிக்காததால் மறந்துவிடுகிறார்கள், ஆகக்கூடிய கட்டணம் போகிறது. நேர் எதிரான பிழையும் நடக்கும். கதவுக்கு உள்ளேயே ரியூப்பிலிருந்து டி.எல்.ஆருக்கு மாறும்போது கம்பத்தைக் கண்டு, நல்லது என்று நினைத்துத் தட்டுவார்கள். பயணம் அங்கேயே முடிந்ததாகப் பதிந்துவிடும். அதன் பிறகு ஏறுவதெல்லாம் உள்நுழைவு இல்லாத பயணம்.

டூட்டிங், லண்டன்

அண்ணா சொன்னதோடு இளஞ்சிவப்பு வட்டத்தையும் சேர்க்க வேண்டும். மஞ்சளோடு அதைக் குழப்பாதவர் இல்லை.

லண்டனில் நடு நகரம் முதலாம் வலயம். அதற்குள்ளால் போனால் கட்டணம் கூட. ஒரே இரண்டு முனைக்கு நடுவால் ஒரு வழி, சுற்றி ஒரு வழி என்று இருந்தால், நீங்கள் எதால் போனீர்கள் என்று காட்டுக்குத் தெரியாது. அதற்குத்தான் சில மாறும் ஸ்டேசன்களில் இளஞ்சிவப்பு வாசிப்பான் வைத்திருக்கிறார்கள். வோல்தம்ஸ்ரோவில் விக்டோரியா லைன் ஏறி, ஹைபரி அன்ட் இஸ்லிங்ரனில் ஓவர்கிரவுண்டுக்கு மாறி ரிச்மண்ட் போகிறவர், மாறும் இடத்தில் அதைத் தட்ட வேண்டும். தட்டாவிட்டால் நடுவால் போனதாக எடுத்துக் கூடக் கழிக்கும். இளஞ்சிவப்பு பயணத்தைத் தொடங்குவதும் இல்லை, முடிப்பதும் இல்லை, தனியாகக் காசு எடுப்பதும் இல்லை. ஆகவே அதைக் கண்ட இடத்தில் தட்டுவதால் நட்டம் வராது. மஞ்சளுக்கு இது பொருந்தாது. கனடா வோட்டர், கோஸ்பல் ஓக், வில்ஸ்டன் ஜங்சன், பிளாக்ஹோர்ஸ் ரோட் இவற்றிலும் உண்டு.

விம்பிள்டனில் டிராம் எடுப்பவர்களுக்கு ஒரு கூத்து. ஸ்டேசன் கதவில் தட்டி உள்ளே வந்தாலும், டிராம் பிளாட்போமில் இருக்கும் வாசிப்பானில் இன்னொரு தரம் தட்ட வேண்டும். அதைத் தட்டினால்தான் நீங்கள் ரயிலுக்கு வரவில்லை, டிராமுக்கு வந்தீர்கள் என்று பதியும். மற்றத் தரிப்பிடங்களில் டிராமால் இறங்கும்போது தட்டக் கூடாது. பஸ்ஸிலும் ஏறும்போது மட்டும்தான். முதல் தட்டிலிருந்து ஒரு மணித்தியாலத்துக்குள் எத்தனை பஸ், டிராம் மாறினாலும் ஒரே கட்டணம், ஆனால் ஒவ்வொன்றிலும் ஏறும்போது தட்டியாக வேண்டும்.

நிலாவெளி

ஒரு கேள்வி. கணவன் மனைவி இரண்டு பேருக்கும் மகள் ஒரே காட்டைத் தந்தால்? முதலில் ஐயா தட்டிப் போய், பிறகு அம்மாவிடம் எட்டிக் கொடுத்தால் சரிவருமா?

ஈஸ்ட்ஹாம், லண்டன்

சரிவராது. ஆளுக்கு ஒரு காட். ஐயா தட்டினதும் அந்தக் காட் உள்ளே போய்விட்டது என்று பதிவு. வெளியே நிற்கும் அம்மா அதையே தட்டினால் கதவு திறக்காது, அல்லது கணக்குக் குழம்பும்.

இன்னும் மூன்று. பாங்க் காட்டால் உள்ளே தட்டினால் வெளியேயும் அதே காட்டால்தான். அதே காட்டை ஃபோனில் ஏற்றியிருந்தாலும் ஃபோன் வேறு, காட் வேறு. பாங்க் ஒன்றாக இருந்தென்ன, இயந்திரத்துக்கு இரண்டு ஆள்! பேர்ஸோடு சேர்த்துத் தட்டாதீங்க. உள்ளே இரண்டு காட் இருந்தால் எதைப் பிடிக்கும் என்று சொல்ல முடியாது, போகும்போது ஒன்றும் வரும்போது மற்றதும் பதிந்து இரண்டிலும் பாதிப் பயணம் நிற்கும். மூன்றாவது, இங்கே இருக்கும் பெரியம்மாவின் அறுபது வயது இலவச காட்டை "இன்றைக்கு ஒரு நாள்தானே" என்று வாங்கிப் போவது. படம் போட்ட காட், லண்டனில் குடியிருப்பவர்களுக்கு மட்டும். செக்கரிடம் பிடிபட்டால் காட்டும் போகும், வழக்கும் வரலாம். அந்த உதவியைக் கேட்கவும் வேண்டாம், செய்யவும் வேண்டாம்.

பேரப்பிள்ளைகள் 11 வயதுக்குக் கீழ் என்றால் ரியூப்பில் பெரியவர் ஒருவரோடு நாலு பேர் வரை இலவசம். அகலக் கதவால், அங்கே நிற்கும் ஊழியரிடம் சொல்லிப் போகலாம்.

இலங்கை பாங்க் காட்டோடு வருகிறவர்கள், வெளிநாட்டுப் பரிவர்த்தனைக்கு உங்கள் பாங்க் என்ன கழிக்கும் என்று கேட்டுவிட்டு வாங்க. ஸ்லவ், ரீடிங் பக்கம் சொந்தக்காரர் இருந்தால் ஒய்ஸ்டரை நம்பாதீங்க. எலிசபெத் லைனில் வெஸ்ற் டிரேற்றன் வரைதான் ஒய்ஸ்டர் செல்லும், அதற்கு அப்பால் பாங்க் காட் அல்லது ரிக்கற்.

ஸ்காபரோ, ரொறன்ரோ

இங்கே கதை தலைகீழ். ரி.ரி.சி. என்ற நகரப் போக்குவரத்து நிர்வாகத்தின் சப்வே, பஸ், ஸ்ரீட்காருக்கு (டிராம்) ஒரே கட்டணம். தூரத்துக்குக் கணக்கு இல்லை. ஆகவே இறங்கும்போது தட்டுவதே கிடையாது. இங்கத்தைய பயண அட்டையான பிரெஸ்ரோ காட்டையோ பாங்க் காட்டையோ முதல் தரம் தட்டியதிலிருந்து இரண்டு மணித்தியாலம், எந்தப் பக்கமும், திரும்பி வருவதற்கும் செல்லும். அந்த நேரத்துக்குள் திரும்பத் தட்டினால் காசு கழியாது. லண்டனில் மேலதிகத் தட்டு காசைத் தின்னும், ரொறன்ரோவில் தின்னாது. ஒரு ஊரில் பழகிவிட்டு மற்றதுக்குப் போகிறவர் குழம்புவது இதனால்தான்.

ஸ்காபரோவில் பஸ் ஏறும்போது தட்டினால், கெனடி ஸ்டேசனில் பஸ் உள்ளுக்கே கொண்டுபோய் விடும். சப்வேக்கு இறங்கும்போது கதவும் இல்லை, தட்டும் இல்லை. பழைய மூன்றாம் லைன் 2023 ஜூலையோடு நின்றுவிட்டது. முன்பு வந்து போனவர்கள் அதைத் தேடாதீங்க.

வெளியூர்களுக்கும் ஓடும் கோ ரயிலுக்கு மாறினால் மட்டும் லண்டன் புத்தி வேண்டும். அது தூரத்துக்குக் காசு. கெனடியிலேயே கோ ஸ்டேசனும் இருக்கிறது. அங்கே கதவு கிடையாது. பெட்டி ஒன்று நிற்கும், ஏறுமுன் தட்ட வேண்டும்; யூனியனில் இறங்கி அங்கேயும் தட்ட வேண்டும். இறங்கித் தட்டாவிட்டால் லைனின் கடைசி வரை போனதாகக் கழிக்கும். 2024 பெப்ரவரி 26இலிருந்து ரி.ரி.சி.க்கும் கோவுக்கும் இடையே மாறினால் ரி.ரி.சி. கட்டணம் இரட்டையாகப் போகாது. ஆனால் இரண்டிலும் ஒரே காட்டைத் தட்டியிருக்க வேண்டும். பஸ்ஸில் மகனின் காட், ரயிலில் சொந்தக் காட் என்றால் இரண்டு கட்டணமும் முழுதாகப் போகும். 12 வயது வரை பிள்ளைகளுக்கு இரண்டிலும் இலவசம்.

லாச்சப்பல், பரிஸ்

பரிஸில் மெற்றோவால் வெளியே வரும்போது தட்ட வேண்டாம். புறநகருக்கும் ஓடும் ஆர்.ஈ.ஆர். ரயிலால் வரும்போது கதவு இருக்கும், தட்ட வேண்டும். லாச்சப்பலிலிருந்து கார் து நோர்துக்கு நிலத்தடியால் நடக்கலாம். மெற்றோவிலிருந்து ஆர்.ஈ.ஆருக்குப் போகும் இடத்தில் நடுவில் கதவு வரும். ரிக்கற் ஏற்றிப் பாவிக்கும் நவிகோ ஈசி காட்டை அங்கே தட்டத்தான் வேண்டும், ஆனால் இரண்டாவது ரிக்கற் கழியாது. "ஐயோ, போச்சே" என்று பயந்து திரும்பி வெளியே வந்தால்தான் கழியும், ஏனென்றால் மறுபடி உள்ளே போக புது ரிக்கற்.

2025 ஜனவரியிலிருந்து ரிக்கற் இரண்டு வகை. மெற்றோ, ரயில், ஆர்.ஈ.ஆருக்கு ஒன்று, பஸ், டிராமுக்கு ஒன்று. ஒன்றிலிருந்து மற்றதுக்கு மாறினால் தொடர்ச்சி இல்லை. விமான நிலையத்துக்குத் தனி ரிக்கற், சாதாரண மெற்றோ ரிக்கற்றோடு அங்கே இறங்கினால் கதவு திறக்காது. பஸ் மாறும்போதும் ஒவ்வொரு பஸ்ஸிலும் தட்ட வேண்டும். காசு போகாது என்று தட்டாமல் இருந்தால் செக்கர் எழுதிவிடுவார். நவிகோ ஈசியும் ஆளுக்கு ஒன்று.

மூதூர், இப்போது சிங்கப்பூர்

எம்.ஆர்.ரி. என்ற நகர ரயிலில் அநேகமான மாறும் ஸ்டேசன்கள் உள்ளுக்குள்ளேயே. நியூட்டன், தம்பினிஸ் போன்ற சிலவற்றில் தட்டி வெளியே வந்து மற்ற லைனுக்குத் தட்டி உள்ளே போக வேண்டும். 15 நிமிடத்துக்குள் போனால் தொடர்ந்த பயணம். ரயிலுக்கும் பஸ்ஸுக்கும் இடையே 45 நிமிடம். பஸ்ஸால் இறங்கும்போதும் இங்கே தட்ட வேண்டும். லண்டனிலிருந்து வருகிறவர்கள் இதைத்தான் மறப்பார்கள்.

டென் ஹாக், ஒல்லாந்து

இங்கே கம்பனிக்குக் கம்பனி கம்பம். ஒரே கம்பனியின் ரயிலுக்குள் மாறினால் தட்ட வேண்டாம். வேறு கம்பனி ரயிலுக்கு மாறினால், ஒரே பிளாட்போமில் நின்றாலும், முதலாவது கம்பனியின் கம்பத்தில் வெளியேறி, மற்றதின் கம்பத்தில் உள்நுழைய வேண்டும். கம்பத்தில் உள்ள பெயரைப் பாருங்க, நிறத்தை நம்பாதீங்க.

உவர்மலை

நன்றி. இங்கிருந்து வைத்தியத்துக்கும் கோயிலுக்கும் அதிகம் போவது சென்னைக்குத்தானே, அதையும் யாராவது எழுதுங்களேன்.

வளசரவாக்கம், சென்னை

சென்னை மெட்ரோவில் நீல வழிக்கும் பச்சை வழிக்கும் இடையே மாறும் இடங்கள் ஆலந்தூரும் சென்ட்ரலும். இரண்டிலும் உள்ளுக்குள்ளேயே மாறலாம், தட்டத் தேவையில்லை. விமான நிலையத்தில் நீல வழி ஏறி ஆலந்தூரில் பச்சைக்கு மாறினால் கோயம்பேடு. சென்ட்ரல் போகிறவர் நீல வழியிலேயே இருக்கலாம்.

சில நாட்களுக்கு வருகிறவர்கள் காட் எடுக்க அலைய வேண்டாம், கவுண்டரில் கியூ.ஆர். அச்சிட்ட தாள் ரிக்கற் தருவார்கள். உள்ளே காட்டிவிட்டு எறிந்துவிடாதீங்க, அதே தாளை வெளியே வரும்போதும் காட்ட வேண்டும். கசக்கினால், நனைந்தால் வாசிக்காது. எங்கே இறங்குவதாகச் சொல்லி வாங்கினீர்களோ அதற்கு மேலே போனால் மிச்சக் காசை அங்கே கட்ட வேண்டும்.

புறநகர் ரயில் வேறு நிர்வாகம். பரங்கிமலையில் மெட்ரோவும் புறநகர் ரயிலும் பக்கத்தில் பக்கத்தில்தான், ஆனால் மெட்ரோவுக்கு எடுத்தது அதற்குச் செல்லாது. மெட்ரோ கதவால் வெளியே வந்து, தனி ரிக்கற் எடுத்துவிட்டுத்தான் பிளாட்போமுக்கு இறங்க வேண்டும். அந்தப் பிளாட்போமில் கதவு எதுவும் மறிக்காது. செக்கர் வந்து நின்றபிறகுதான் பலருக்கு விளங்கும்.

ஈஸ்ட்ஹாம், லண்டன்

ஒன்று விட்டுப்போச்சு. பிழையாகத் தட்டிவிட்டால் லண்டனில் காசை மீளக் கேட்கலாம். ஒய்ஸ்டரையோ பாங்க் காட்டையோ கணக்கொன்றில் பதிந்து வைத்தால், முடியாத பயணம் அதில் தனியாகக் காட்டும். எங்கே இறங்கினோம் என்று அதிலேயே நிரப்பி அனுப்பலாம். அம்மா அப்பா வந்து இறங்கிய அன்றே பிள்ளைகள் இதைச் செய்துவிட வேண்டும். அவர்கள் பலாலியிலோ கட்டுநாயக்காவிலோ திரும்பி இறங்கிய பிறகு, எந்த ஸ்டேசன், எத்தனை மணி என்று வாட்ஸ்அப்பில் விசாரிப்பது வீண் வேலை.