டாங்லிங் பாயிண்டர்: வெள்ளிக்குள் ஒரு சொல் வேண்டும்

பட்டர்வொர்த், ஆசிரியை:

அன்பர்களுக்கு வணக்கம். இடைநிலைப்பள்ளி மாணவர்களுக்கு சி (C) நிரல்மொழி பற்றி ‘இன்னும் ஏன் சி?’ என்று ஒரு பட்டறை நடத்துகிறோம். கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. பாயிண்டருக்கு, அதாவது நினைவகத்தில் ஓரிடத்தின் முகவரியை வைத்திருக்கும் மாறிக்கு, ‘சுட்டி’ போட்டுவிட்டேன். டாங்லிங் பாயிண்டரில்தான் நிற்கிறேன். நினைவகத்தை ஃப்ரீ செய்த (திருப்பிக் கொடுத்த) பிறகும் அதே இடத்தைக் காட்டிக்கொண்டிருக்கும் சுட்டி. ‘தொங்குச் சுட்டி’ சரிதானா?

செந்தூல், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

முதலில் அந்த ‘ச்’சை எடுங்கள் அம்மா. வினைத்தொகையில் வல்லினம் மிகாது. ஊறுகாயை ஊறுக்காய் என்றா எழுதுகிறோம்? தொங்குசுட்டி. என்னைக் கேட்டால் அதைவிடத் தூங்குசுட்டி அழகு. பழந்தமிழில் தூங்குதல் என்றால் தொங்குதல். சோழன் எறிந்த தூங்கெயில் வானில் தொங்கிய கோட்டை, உறங்கிய கோட்டை அல்ல. தூங்கானை மாடத்தில் (யானையின் பின்புற வடிவில் கட்டிய கோயில்) இருப்பது எந்தத் தூக்கம் என்பது தனிக்கதை, பிறகு எழுதுகிறேன்.

பாயான் லெப்பாஸ், ஃபர்ம்வேர் பொறியாளர்:

ஐயா, சுட்டி உறங்குகிறது என்றே பிள்ளைகள் எழுதிவைப்பார்கள். யூனிக்ஸ் இயங்குதளத்தில் ஸ்லீப் (உறங்கு) என்று தனியே ஒரு ஃபங்ஷன் வேறு இருக்கிறது.

கையேட்டில் இதையும் சேருங்கள், டீச்சர். நாங்கள் நிரல் எழுதும் சில்லுகள் சிலவற்றில் ரேம் மொத்தமே சில கிலோபைட்தான். பயன்படாத நினைவகத்தைத் தானே மீட்கும் கார்பேஜ் கலெக்டருக்கு அங்கே இடம் இல்லை. இருந்தாலும் அது எந்த நேரத்தில் குறுக்கே வந்து நிற்கும் என்று சொல்ல முடியாது. ஒரு ரெஜிஸ்டரின் (சாதனத்தைக் கட்டுப்படுத்தும், சில்லிலுள்ள சிறு நினைவிடம்) முகவரியை எண்ணாகவே எழுதி, அதைச் சுட்டியாக்கி, ஒரு பிட்டை மாற்றினால் மோட்டார் சுற்ற ஆரம்பிக்கும். புதுச் சில்லு வந்தால் முதலில் கிடைக்கும் கம்பைலரும் (நிரலை இயந்திர மொழிக்கு மாற்றித் தருவது) பெரும்பாலும் சி-க்குத்தான். பெல் ஆய்வகத்தில் 1972 வாக்கில் டென்னிஸ் ரிட்சி உருவாக்கிய மொழியை நாங்கள் விடாமல் இருப்பதற்குப் பாசம் காரணமில்லை. சி கையில் கொடுத்த அதே சுதந்திரம்தான் இந்தப் பிழைக்கும் வழி விடுகிறது.

என் வாக்கு: செல்லாச் சுட்டி. செல்லாக்காசு தெரிந்தவனுக்கு விளக்கமே வேண்டாம்.

பிரிக்ஃபீல்ட்ஸ், நிரலாளர்:

செல்லாவிட்டால் பரவாயில்லையே அண்ணே, அது செல்வதுதான் சிக்கல்! கணினியில் ‘நல்’ (null, எதையும் காட்டாத) சுட்டியைத் தொட்டால் பெரும்பாலும் அங்கேயே நிரல் விழுந்துவிடும், பிழையும் தெரிந்துவிடும். இது காலி செய்த வீட்டின் பழைய சாவி. ஒருநாள் போனால் பழைய சாமான் அப்படியே கிடக்கும். மறுநாள் வேறொரு குடும்பம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும். நம் மேசையில் ஒழுங்காக ஓடிய நிரல் வாடிக்கையாளரிடம் போய்ச் சாய்வது இப்படித்தான். பொய்ச்சுட்டி என்று வையுங்கள்.

அப்புறம், இந்தப் பிழையை ரஸ்ட் என்ற நிரல்மொழி கம்பைல் செய்யும்போதே தடுக்கப் பார்க்கிறது. 2022 டிசம்பரில் லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலுக்குள்ளேயே, 6.1 பதிப்பில், அதற்கு இடம் கிடைத்தது. சி-யின் பெருமையை மட்டும் பாடினால் கையேடு பாதிதான்.

செந்தூல்:

சுட்டில் பொய் ஏது? ‘அ இ உ அம் மூன்றும் சுட்டு’ என்கிறது தொல்காப்பியம். ‘அவன்’ அகச்சுட்டு, ‘அப்பையன்’ புறச்சுட்டு. இரண்டும் உள்ளதைத்தான் காட்டும். நம் பேச்சில் உகரச் சுட்டு போய்விட்டது, யாழ்ப்பாணத்தார் இன்னும் ‘உவன்’ என்கிறார்கள். அண்மையும் இல்லை, சேய்மையும் இல்லை, இடைப்பட்டது. இருந்தும் இல்லாத இந்தச் சுட்டிக்கு ‘உச்சுட்டி’ எவ்வளவு பொருத்தம்!

பாயான் லெப்பாஸ்:

ஐயா, உச்சந்தலையில் கொட்டு விழுந்த மாதிரி இருக்கிறது.

பட்டர்வொர்த்:

நன்றி, எல்லோருக்கும். தனி மடலில் எழுதியவர்களும் தொங்குசுட்டி பக்கமே சாய்கிறார்கள், அதனால் அதையே போடுகிறேன், ‘ச்’ இல்லாமல். ‘செல்வதுதான் சிக்கல்’ என்பதை விளக்கத்தில் எடுத்துக்கொண்டேன். ரஸ்டுக்கு ஒரு பத்தி உண்டு. உச்சுட்டிக்கு இடமில்லை, ஐயா மன்னிக்கவும்.

பிரிக்ஃபீல்ட்ஸ்:

பெரும்பான்மை முடிவு என்றால் சரி. ஆனால் அது எதிலிருந்து தொங்குகிறது என்று ஒரு மாணவன் கேட்டால் நீங்களே பதில் சொல்லிக்கொள்ளுங்கள், டீச்சர்.

செந்தூல்:

தூங்கானை மாடம் குறித்த மடலை நாளை அனுப்புகிறேன். கொஞ்சம் நீளமாக இருக்கும்.