மிக்ஸிங்குக்கு ஹெட்ஃபோன்: ஓப்பன் பேக்கா, க்ளோஸ்டு பேக்கா?

செல்லூர்_பீட்: பத்துக்குப் பத்து ரூம், ரோட்டோரம். மானிட்டர் ஸ்பீக்கர் வைக்க வழியில்ல, மிக்ஸிங் (குரலையும் வாத்தியங்களையும் அளவு பார்த்துச் சேர்க்கிற வேலை) ஹெட்ஃபோன்லதான். கோயில் திருவிழாப் பாட்டு, குறும்பட இசை, இதுதான் வேலை. பட்ஜெட் 15,000 பக்கம். ஆடியோ டெக்னிகா எம்50எக்ஸ் போதுமாண்ணே?

வைகை_வடகரை: எம்50எக்ஸ் க்ளோஸ்டு பேக், அதாவது பின்பக்கம் மூடின வகை. கேட்கச் சுகமா இருக்கும், அதுதான் அதுல கோளாறு. அடியும் (பேஸ்) உச்சியும் (ட்ரெபிள்) ஏற்கெனவே தூக்கலா இருக்கிறதால நீங்க கிக்கை (டிரம்ஸோட கனமான அடிச் சத்தம்) குறைச்சு வைப்பீங்க. கார்ல போட்டா பாட்டு சவசவன்னு இருக்கும். ஓப்பன் பேக் எடுங்க தம்பி, பின்பக்கம் திறந்திருக்கிற வகை. சென்ஹைசர் எச்டி 560எஸ், 120 ஓம் (மின்தடை), சாதாரண ஆடியோ இன்டர்ஃபேஸே (மைக்கையும் ஹெட்ஃபோனையும் கம்ப்யூட்டரோட இணைக்கிற பெட்டி) ஓட்டிடும். எச்டி 600-க்குப் போகாதீங்க. 300 ஓம், சின்ன இன்டர்ஃபேஸ்ல சத்தம் பத்தாமப் போகலாம். 60 ஹெர்ட்ஸுக்குக் கீழ பேஸும் சரியும்.

மாசிவீதி_மிக்ஸ்: ரோட்டோரம்னு சொல்றாரு, அவருக்குப் போய் ஓப்பன் பேக்கா? தலைக்கு மேல ஃபேன், வெளிய ஷேர் ஆட்டோ, அம்புட்டும் காதுக்குள்ள வரும். நாதஸ்வரத்துக்குப் போட்ட ரிவெர்ப் (எதிரொலி) அடங்குற இடம் ஃபேன் சத்தத்துல மறைஞ்சுரும். கேட்கலையேன்னு இன்னும் ஏத்துவீங்க. அதையே ரெக்கார்டிங்ல பாடகருக்கு மாட்டிவிட்டா, அவர் தாளத்துக்குக் கேட்கிற கிளிக் சத்தம் மைக்ல ஏறும். பேயர்டைனமிக் டிடி 770 ப்ரோ, 80 ஓம், ரெண்டு வேலைக்கும் ஆகும்.

வைகை_வடகரை: பாடகருக்கு க்ளோஸ்டுதான், அதுல சண்டையே இல்ல. பேச்சு மிக்ஸிங்கைப் பத்தி. க்ளோஸ்டு பேக் ஹாரனைத் தடுக்கும். லாரி எஞ்சின் உறுமலைப் பெருசாத் தடுக்காது. 770-ல 8 கிலோஹெர்ட்ஸ் பக்கம் ஒரு மேடு இருக்கு. ஜால்ராவும் 'ஸ' சத்தமும் குத்தும், நீங்க வெட்டுவீங்க, வெளிய கேட்டா குரல் மந்தமா இருக்கும்.

இன்னொண்ணு, மூக்குக்கண்ணாடி. கண்ணாடிக் கால் காது மெத்தையைத் தூக்கிப் பிடிச்சா அந்த இடுக்கு வழியா பேஸ் ஒழுகிரும். 50 ஹெர்ட்ஸ் டோனை ஓடவிட்டு, கண்ணாடியோட ஒரு தடவ, இல்லாம ஒரு தடவ கேளுங்க. சத்தம் மாறினா அந்த ஹெட்ஃபோனை வச்சு தவிலோட தொப்பிப் பக்கத்துக்கு (கனமான பேஸ் வர்ற பக்கம்) லெவல் வைக்க முடியாது.

மாசிவீதி_மிக்ஸ்: கண்ணாடி மேட்டர் சரி. மெல்லிசான கம்பிக் கால் ஃப்ரேம் போட்டா பெரும்பாலும் தீரும். 8 கிலோஹெர்ட்ஸ் மேட்டை ஈக்யூ (அதிர்வெண் வாரியா சத்தத்தை ஏத்தி இறக்குற கருவி) வச்சு 4, 5 டெசிபல் இறக்கிட்டுப் போகலாம். சித்திரை வெயில்ல ஃபேனை அணைச்சிட்டு உக்காரச் சொல்றீங்களாண்ணே?

அவனியாபுரம்_ஆடியோ: அந்த ஈக்யூவை மாஸ்டர்ல (முழுப் பாட்டும் வெளிய போற சேனல்) போட்டுட்டு அப்படியே எக்ஸ்போர்ட் பண்ணிராதீங்க, ஃபைல்லயே பதிஞ்சுரும். மானிட்டர் பாதையில, அதாவது உங்க காதுக்கு வர்ற வழியில மட்டும் இருக்கணும்.

ரெண்டு பேரும் விட்டது ஒண்ணு. திருவிழாப் பாட்டு கடைசியில போய்ச் சேர்றது கோன் ஸ்பீக்கர்ல. அதுல பெரும்பாலும் 300 ஹெர்ட்ஸுக்குக் கீழ ஒண்ணும் வராது, மொத்தமும் மோனோ, இடது வலது ரெண்டும் ஒண்ணாக் கலந்தது. உறுமி தெரியணும்னா கொஞ்சம் சாச்சுரேஷன் (லேசான ஒலிச் சிதைவு) கொடுத்து மேல் ஹார்மோனிக்ஸை (அந்த ஒலியோட மேல் அதிர்வெண்களை) எழுப்பணும். ஸ்டீரியோ அகலத்துக்காக ஒரு பக்கத்துக்கு ஃபேஸைத் (ஒலி அலையைத் தலைகீழா) திருப்பி வச்ச கோரஸ் மோனோவுல காணாமப் போயிரும். 300-ல ஹை பாஸ் (அதுக்குக் கீழ உள்ளதை வெட்டுற ஃபில்டர்), மோனோ பட்டன், ஒரு தடவ முழுப் பாட்டையும் ஓட்டிப் பாருங்க. எந்த ஹெட்ஃபோனா இருந்தாலும் இது வேணும்.

மாசிவீதி_மிக்ஸ்: கோன்ல ஒலிக்கப் போற பாட்டுக்கு 560எஸ் எதுக்கு? மிச்சக் காசுக்கு நல்ல மைக் கேபிள் வாங்கலாம்.

வைகை_வடகரை: அவர் குறும்படமும் பண்றாருல்ல? தொப்பியும் பேஸ் கிட்டாரும் 80-லருந்து 120 ஹெர்ட்ஸுக்குள்ள முட்டிக்கிறது கோன்ல தெரியாது, தியேட்டர்ல தெரியும். ஃபேனுக்கும் வழி இருக்கு: ரிவெர்ப், ஃபேட் அவுட் முடிவு பண்ற அஞ்சு நிமிஷம் மட்டும் அணைங்க. மத்த நேரம் ஓடட்டும், ஆனா ஃபேனை அமுக்குறதுக்காக வால்யூமைக் கூட்டாதீங்க. சத்தமா வச்சா பேஸ் நிறைய இருக்கிற மாதிரியே கேட்கும், மிக்ஸ்ல குறைச்சுருவீங்க.