வொர்திங் அருகே கோரிங்-பை-சீயில் வீடு வாங்குவது: டர்பனிலிருந்தே முடிவு செய்யலாமா?

சாட்ஸ்வொர்த் செவிலி எழுதியது:

அன்பர்கள் அனைவருக்கும் வணக்கம். இங்கிலாந்தின் தென்கரையில் உள்ள வொர்திங் நகரில் எனக்குச் செவிலியர் வேலை கிடைத்திருக்கிறது. கணவரும் பள்ளியில் படிக்கும் பிள்ளைகள் இருவரும் உடன் வருகிறார்கள். நகரின் மேற்குப் புறத்தில் கடலை ஒட்டியுள்ள கோரிங்-பை-சீ பகுதியில், மாடியில்லாத பழைய தனி வீடு ஒன்றை இணையத்தில் பார்த்ததிலிருந்து கணவருக்கு அதே நினைவாக இருக்கிறது. விலை நான்கு இலட்சம் பவுண்டு. இங்கிருந்தபடியே விலை பேசி, ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு, வேறு யாரும் வாங்கிவிடாமல் உறுதி செய்துகொள்ளலாம் என்பது அவர் எண்ணம். டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் கணவர் பெயரில் இருக்கும் வீட்டை விற்க மாமியாருக்கு மனமில்லை. வாடகைக்கு விட்டுவிட்டுப் போங்கள் என்கிறார். அந்த ஊரில் வாழ்ந்தவர்களும், வாங்கும் முறையை அறிந்தவர்களும் தங்கள் கருத்தைக் கூற வேண்டுகிறேன்.

உம்கெனி பத்திரக்காரர் எழுதியது:

சகோதரிக்கு வணக்கம். டர்பனில் ஒரு கன்வேயன்சர், அதாவது சொத்து மாற்றப் பத்திரங்களைக் கவனிக்கும் வழக்கறிஞர், அலுவலகத்தில் வேலை செய்கிறேன். என் தங்கை சசெக்ஸில் வீடு வாங்கியபோது அவளுடைய ஆவணங்களை வரிக்கு வரி படித்தவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

முதலில் உங்கள் கணவரின் எண்ணத்தைப் பற்றி. நம் தென்னாப்பிரிக்காவில் வாங்குபவரும் விற்பவரும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டுவிட்டால் அது இருவரையும் கட்டுப்படுத்தும். இங்கிலாந்தில் உங்கள் விலையை விற்பவர் ஏற்றுக்கொண்ட பிறகும், இருதரப்பு வழக்கறிஞர்களும் ஒப்பந்தங்களைப் பரிமாறிக்கொள்ளும் எக்ஸ்சேஞ்ச் நாள் வரை யாரும் எதற்கும் கட்டுப்பட்டவர் அல்லர். இடைப்பட்ட மாதங்களில் கூடுதல் விலை தருபவர் வந்தால் விற்பவர் அவரிடம் போய்விடலாம், நீங்களும் விலகலாம். எக்ஸ்சேஞ்ச் அன்று பொதுவாகப் பத்து விழுக்காடு முன்பணம் செலுத்திய பிறகுதான் பின்வாங்கினால் இழப்பு. விற்பவர் தாம் குடியேறப்போகும் வீட்டை வாங்கி முடிக்க வேண்டியிருக்கும், அந்த வீட்டுக்காரரும் அப்படியே. சங்கிலியில் ஒருவர் நின்றால் எல்லோரும் நிற்க வேண்டும். ஆகவே டர்பனில் இருந்துகொண்டு ‘உறுதி செய்வது’ என்று ஒன்று அங்கே இல்லை.

அடுத்தது வீட்டின் நிலை. இங்கே விற்பவர் மின் இணைப்புகள் பாதுகாப்பானவை என்ற சான்றிதழ் தர வேண்டும். டர்பன் பக்கத்தில் மரம் அரிக்கும் வண்டுகள் இல்லை என்ற சான்றிதழையும் வழக்கமாகக் கேட்கிறோம். அங்கே குறைகளைத் தேடிக் கண்டுபிடிப்பது பெரும்பாலும் வாங்குபவர் பொறுப்பு. கடன் தரும் வங்கி செய்யும் மதிப்பீடு வங்கியின் பாதுகாப்புக்கானது. உங்களுக்காகத் தனியே ஒரு சர்வேயரை அமர்த்த வேண்டும். பழைய வீடென்றால் விரிவான மூன்றாம் நிலை ஆய்வே நல்லது என்பேன். வழக்கறிஞரும் தனித்தனி: இங்கே விற்பவர் நியமிக்கும் கன்வேயன்சருக்கு நாம் பணம் கட்டுகிறோம், அங்கே உங்கள் வழக்கறிஞரை நீங்களே தேர்ந்தெடுக்கிறீர்கள்.

இனி, மாமியாரின் விருப்பத்துக்கு என்ன விலை என்று பார்ப்போம். நான்கு இலட்சம் பவுண்டு வீட்டுக்கு இன்றைய விகிதப்படி ஸ்டாம்ப் டூட்டி 10,000 பவுண்டு. முதல் வீடு வாங்குபவர்களுக்கு அது 5,000 மட்டுமே. ஆனால் உலகில் எங்குமே, எப்போதுமே வீடு வைத்திருந்திராதவர்களுக்குத்தான் அந்தச் சலுகை, சேர்ந்து வாங்குபவர்களில் ஒருவர் வைத்திருந்தாலும் கிடையாது. சாட்ஸ்வொர்த் வீட்டை வைத்துக்கொண்டே வாங்கினால், அதன் மதிப்பு 40,000 பவுண்டுக்குக் குறையாத நிலையில், முழு விலையின் மேல் ஐந்து விழுக்காடு கூடுதல் வரி சேர்ந்து 30,000 ஆகும். உங்கள் ஒருவர் பெயரில் மட்டும் வாங்கினாலும் கணவரின் வீடு கணக்கில் வரும். வாங்கும் நாளுக்கு முந்தைய பன்னிரண்டு மாதங்களில் 183 நாளாவது அந்நாட்டில் இருந்திராவிட்டால் மேலும் இரண்டு விழுக்காடு, ஆக 38,000. இந்த இரண்டு விழுக்காட்டைப் பிறகு அங்கேயே குடியிருந்து திரும்பப் பெற வழியுண்டு. நீங்கள் குடியிருந்த சாட்ஸ்வொர்த் வீட்டை மூன்று ஆண்டுகளுக்குள் விற்றால் ஐந்து விழுக்காட்டையும் திரும்பக் கேட்கலாம். ஆனால் அதுவரை அந்தப் பணத்தை நீங்கள்தான் புரட்ட வேண்டும். எனவே கோரிங் வீட்டைப் பற்றிப் பேசுவதற்கு முன் சாட்ஸ்வொர்த் வீட்டைப் பற்றிக் குடும்பமாக உட்கார்ந்து பேசுங்கள்.

டொங்காட் தாத்தா எழுதியது:

மகளே, வாழ்த்துகள். பத்திரக்காரர் சொன்னதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஊரைப் பற்றி நான் சொல்கிறேன். மகள் வீட்டில் பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு அந்தப் பக்கத்தில் பல காலம் இருந்துவிட்டுத் திரும்பியவன் நான்.

கோரிங் அமைதியான இடம். ஓய்வு பெற்றவர்கள் மிகுதி. மாடியில்லாத வீடுகளுக்கு அங்கே இவ்வளவு கிராக்கி இருப்பதற்கு அவர்கள்தான் காரணம். கடற்கரையை ஒட்டிய பெரும் புல்வெளியும், ஐலெக்ஸ் வே என்ற பசுமை மாறா ஓக் மரங்கள் நிற்கும் நீண்ட நடைபாதையும் நடப்பதற்கு அருமையானவை. ஆனால் நம் கடற்கரையை மனத்தில் வைத்துக்கொண்டு போகாதீர்கள். அங்கே காலுக்குக் கீழே கூழாங்கற்கள்தாம். அலை வற்றும்போதுதான் மணல் தெரியும். கோடையில் கடற்பாசி கரையொதுங்கி அழுகினால் வாடை சன்னல் வரை வரும். தரகர் காட்டும் படங்களில் அது தெரியாது. குளிர்காலத்தில் தென்மேற்குக் காற்று உப்பை வாரி வந்து சுவரில் பூசும், இரும்பைத் தின்னும். அப்போது மாலை நான்கு மணிக்கே இருட்டிவிடும். உங்கள் கணவர் ஜூலையில் பார்த்துவிட்டு மயங்கக்கூடாது.

ஒன்றை நம்மவர் எல்லோரும் தலைகீழாகச் செய்கிறார்கள். டர்பனில் வெயிலுக்காக வடக்கு பார்த்த வீட்டைத் தேடுகிறோம் அல்லவா? அங்கே சூரியன் தெற்கு வானில் செல்கிறது. தோட்டமும் உட்காரும் அறையும் தெற்கு பார்த்திருக்க வேண்டும். வடக்கு பார்த்த படுக்கையறையில் சுவர் ஈரம் பிடித்துக் கரும்பூஞ்சை படர்வதைப் பார்த்திருக்கிறேன். அலமாரிக்குப் பின்புறத்தையும் வீட்டுக்காரரிடம் காட்டச் சொல்லுங்கள், கூச்சப்படாதீர்கள்.

கோரிங்கிற்கும் ஃபெர்ரிங்கிற்கும் நடுவே வயல்வெளி இருக்கிறது. அங்கே வீடு கட்டுவது குறித்து வழக்கு நீதிமன்றம் வரை போனது. வீட்டின் பின்னால் பச்சை வயல் தெரிகிறதே என்று கூடுதல் விலை கொடுக்குமுன், உள்ளாட்சியின் திட்ட அனுமதிப் பக்கத்தில் அந்த வயலைத் தேடிப் பாருங்கள். வழக்கறிஞர் எடுக்கும் வழக்கமான தேடல் உங்கள் மனையைப் பற்றித்தான் சொல்லும், பக்கத்து நிலத்தைப் பற்றிச் சொல்லாது.

கோயிலுக்கு விம்பிள்டன் கணபதி கோயில் வரை போக வேண்டியிருந்தது. இலண்டன் விக்டோரியாவுக்குச் செல்லும் ரயில் கிளாப்பம் ஜங்ஷனில் நிற்கும், அங்கே இறங்கி மாறலாம். கறிவேப்பிலையும் முருங்கைக்காயும் டூட்டிங் கடைகளில் வாங்கி வந்துவிடுவோம். காவடித் திருவிழாவுக்கு உம்கெனி சாலையில் கூடும் கூட்டத்தைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு முதல் ஆண்டு சற்று வெறுமையாகத்தான் இருக்கும்.

சாட்ஸ்வொர்த் செவிலி எழுதியது:

ஐயா இருவருக்கும் மிக்க நன்றி. 38,000 என்ற எண்ணைப் படித்துக் காட்டியதும் கணவர் சற்று நேரம் பேசவில்லை. முதலில் வாடகைக்கு இருந்து பார்ப்பது என்று ஏறக்குறைய முடிவு செய்துவிட்டோம். வாடகை வீட்டுக்கு முனிசிபல் வரியை வீட்டுக்காரர்தானே கட்டுவார்? வீட்டுக்குப் பதிலாக ஃபிளாட் வாங்கினால் செலவு குறையுமா?

உம்கெனி பத்திரக்காரர் எழுதியது:

இல்லை சகோதரி. நம் மாநகராட்சி வரி உரிமையாளருடையது. அங்கே கவுன்சில் டாக்ஸ் பொதுவாகக் குடியிருப்பவர் தலையில் விழும். 1991 ஏப்ரல் மாத மதிப்பை வைத்து ஏ முதல் எச் வரை பிரித்திருக்கிறார்கள். வாடகை பேசும்போதே எந்தப் பிரிவு என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

ஃபிளாட் விலை குறைவுதான். ஆனால் பெரும்பாலும் அது குறிப்பிட்ட ஆண்டுகளுக்கான குத்தகை உரிமை. பராமரிப்புக் கட்டணம் ஆண்டுதோறும் உண்டு, கடலோரக் கட்டடத்தில் கூரையும் வெளிச்சுவரும் பழுதுபார்க்கும் செலவு அதில் வந்து சேரும். குத்தகையில் எண்பது ஆண்டுகளுக்குக் குறைவாக மீதமிருந்தால் நீட்டிக்கும் செலவு கூடிவிடும் என்பதால், அத்தகைய ஃபிளாட்டைப் பார்க்கவே போகவேண்டாம். பிள்ளைகள் இருக்கும் குடும்பத்துக்கு, கடலிலிருந்து சற்று உள்ளே, டரிங்டன் பக்கம் நிலத்தோடு சேர்ந்த முழு உரிமை வீட்டைத் தேடுவதே என் யோசனை. இங்கிருந்து பணம் அனுப்ப ஆண்டு வரம்பு உண்டு; அதற்கு மேற்பட்ட தொகைக்கு வருவாய்த் துறையின் ஒப்புதல் எண் வேண்டும். நிலுவையிலுள்ள வருமான வரிக் கணக்குகளைப் புறப்படும் முன்பே முடித்துவிடுங்கள்.