மண் போட்ட மீன்தொட்டி, ஒன்பதாம் நாள். கப்பி மீன் நாலு போச்சு, என்ன தப்பு பண்ணேன்?

மாடித்தோட்டம்_ஸ்ரீரங்கம் எழுதியது:

வணக்கம். மீனுக்கு நான் புதுசு, செடிக்கு இல்ல. மொட்டைமாடில நாப்பது பை வெச்சிருக்கேன், கத்தரி வெண்டையெல்லாம் வீட்டுக்குப் போக பக்கத்து வீட்டுக்கும் போகுது. அந்தத் தைரியத்துல இறங்கிட்டேன்.

தொட்டி ரெண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம். பில்டர் இல்ல, சின்ன ஏர் பம்ப் மட்டும். அடியில மாடியில மீந்த மண்கலவை (செம்மண், மாட்டு எரு, கோகோபீட்) ரெண்டு இஞ்ச். மேல ஆத்துமணல் அரை இஞ்ச், அண்ணன் வீடு கட்டின மிச்சம். தண்ணிச்செடியா வாலிஸ்னேரியா மூணு கட்டு, ஜாவா ஃபெர்ன் ஒண்ணு, அனுபியாஸ் ஒண்ணு, எல்லாத்தையும் நல்லா ஆழமா ஊணினேன். லைட் ரெண்டடி எல்இடி டியூப், 10 வாட், காலைல ஆறுக்குப் போட்டா ராத்திரி பத்துக்குத்தான் அணைப்பேன். ரெண்டாம் நாளே பத்து கப்பி விட்டாச்சு, பொண்ணு காத்திருக்க மாட்டேன்னுட்டா.

இப்ப தண்ணி அரிசி கழுவின கழுநீர் மாதிரி இருக்கு. மீனெல்லாம் மேல வந்து வாயைத் திறந்து திறந்து மூடுது. நாலு போயிடுச்சு. அனுபியாஸ் அடித்தண்டு கொழகொழன்னு ஆயிடுச்சு. மணலைக் குச்சியால குத்தினா முட்டை அழுகின வாடையோட குமிழ் வருது. கடைல கேட்டா, சிஓடூ (கார்பன் டை ஆக்சைடு) சிலிண்டர் வெக்கலன்னா செடி நிக்காதுன்னு ஒன்பதாயிரத்துக்குக் கணக்கு சொல்றாங்க. அவ்வளவு செலவு பண்ற நிலைமை இல்ல. என்ன செய்யலாம்?

சிறுவாணித்தண்ணி எழுதியது:

முதல்ல மிச்ச ஆறையும் வெளிய எடுங்க. பெரிய பக்கெட், ஒரு நாள் திறந்து வெச்ச தண்ணி, அந்த ஏர் பம்ப், போதும். தினமும் கால் பங்கு தண்ணி மாத்துங்க, தீனி ஒருநாள் விட்டு ஒருநாள் ஒரு சிட்டிகை. மத்ததை அப்புறம் பேசலாம்.

கொளத்தூர்க்காரன் எழுதியது:

தங்கச்சி, உங்களுக்குச் செடி தெரிஞ்சதுதான் உங்களைக் கவுத்திருக்கு. மாடியில எரு போட்டா காய் வரும். தண்ணிக்கடியில எரு போட்டா அம்மோனியா வரும். மீன் மேல வந்து மூச்சு வாங்குதுன்னா காத்து பத்தலன்னு மட்டும் நினைக்காதீங்க, அம்மோனியா செவுளைப் பொசுக்கினாலும் அப்படித்தான் வரும். பிஹெச் (காரத்தன்மை) ஏற ஏற, தண்ணி சூடாக ஆக, அதே அளவு அம்மோனியா இன்னும் விஷமாகும். நம்ம ஊர் வெயிலுக்குச் சொல்லவே வேணாம்.

நானும் இதைப் பண்ணினவன்தான். செடி கொழுக்கட்டும்னு மணலுக்கடியில ஆட்டுப் புழுக்கை ஒரு கைப்பிடி வெச்சேன். மூணாம் நாள் காலைல ஆறு ரோசி பார்ப் மீன் மல்லாந்து கிடந்துச்சு. வீட்டுல இன்னிக்கும் விருந்தாளி வந்தா அந்தக் கதை ஓடும்.

தொட்டியைப் பிரிச்சுடுங்க. அந்த மண்ணை வீணாக்க வேணாம், கத்தரிக்கே திருப்பிப் போடுங்க, சந்தோஷப்படும். புதுசா வெறும் செம்மண் எடுங்க, எரு கலக்காதது. சலிச்சு, பக்கெட்ல ஊறவெச்சு, மேல மிதக்கிற வேர் குப்பையை வடிச்சுட்டு வெயில்ல காய வையுங்க. இப்படி ரெண்டு மூணு தடவை. உங்க தொட்டிக்கு ஓரிஞ்ச் மண்ணுக்கு அஞ்சு லிட்டருக்குக் கொஞ்சம் கம்மியா போதும், மேல ஒன்றரை இஞ்ச் மணலுக்கு ஏழு லிட்டர். காலி பெயிண்ட் டப்பால அளந்துக்கலாம். அரை இஞ்ச் மணல் மண்ணை அடக்காது, செடியை ஒருதடவை பிடுங்கி நட்டாலே எல்லாம் மேல வந்துடும்.

ஆத்துமணல் வெச்சிருக்கீங்க பாருங்க, அதுக்கு எனக்குப் பொறாமை. இங்க எம்-சாண்ட்தான், அந்தத் தூசியைக் கழுவி முடிக்கிறதுக்குள்ள கை ஓஞ்சுடும். கொஞ்சம் மணல் எடுத்து எலுமிச்சை பிழிஞ்சு பாருங்க. நுரைச்சா கிளிஞ்சல் கலந்திருக்கு, தண்ணியைக் கடினமாக்கிட்டே இருக்கும். நுரைக்கலன்னா கண்ணை மூடிட்டுப் போடலாம்.

அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன் ரெண்டும் மண்ணுல ஊணுற செடியே இல்ல. அந்தப் படுத்த தண்டு மூடினா அழுகும். கொழகொழன்னு இருக்கறதைப் பச்சை தெரியற வரைக்கும் வெட்டிட்டு, கறுப்புத் தையல் நூலால ஒரு கல்லுல கட்டி விடுங்க. அதுவே பிடிச்சுக்கும். வாலிஸ்னேரியா நடலாம், ஆனா வேர் மட்டும் உள்ள போகணும், குருத்து மணலுக்கு மேல.

அடுத்தது, செடி பத்தாது. முதல் நாளே தரையில முக்கால்வாசி மறையணும். இதுக்குக் காசு வேணாம். வயல் வரப்புல நீர்ப்பிரம்மி கிடைக்கும், தண்ணிக்குள்ளயும் நல்லா வரும். ஹார்ன்வொர்ட்ங்கற தண்ணிச்செடி ரெண்டு கைப்பிடி சும்மா மிதக்க விடுங்க, அது வேகமா வளர்ற வேகத்துல அம்மோனியாவை இழுத்துக்கும். வெளியிலிருந்து எடுத்தா இலை இலையா அலசுங்க. தட்டான் பூச்சியோட குஞ்சு ஒண்ணு ஒட்டிட்டு வந்தாலும் கப்பிக்குஞ்சு மிஞ்சாது.

சிலிண்டர் வேணாம். வெளிச்சம் அதிகமா குடுத்தா செடிக்குப் பசி அதிகமாகும், அப்பத்தான் சிஓடூ தேடணும். பசியைத் தூண்டிவிட்டுச் சோறு போடாம விட்டா அந்த இடத்துக்குப் பாசி வந்து உக்காரும். உங்க 10 வாட் டியூப் சரிதான், பதினாறு மணி நேரம்தான் அநியாயம். ஆறு மணி நேரம் போதும். மறதின்னா பிளக்ல சொருகுற டைமர் ஒண்ணு வாங்குங்க, உங்க பணத்துல உருப்படியா செலவாகப் போறது அது ஒண்ணுதான்.

சிறுவாணித்தண்ணி எழுதியது:

அண்ணே, பிரிக்கணுமா? மேல இன்னும் ஓரிஞ்ச் மணல் போட்டு, மீன் இல்லாம தினம் பாதித் தண்ணி மாத்தினா ஒரு மாசத்துல அடங்கிடுமே. நான் அப்படிப் பண்ணிருக்கேன்.

கொளத்தூர்க்காரன் எழுதியது:

எரு ஒரு கைப்பிடின்னா நானும் அதையே சொல்வேன் தம்பி. இது ரெண்டு இஞ்ச் கலவை, ஒன்பதாம் நாளே முட்டை வாடை. மேல மணல் ஏத்தினா கீழ இன்னும் காத்துப் போகாது. தினம் இருபது லிட்டர் மாடிப்படி ஏத்தி இறக்குறதுக்கு ஒரு ஞாயித்துக்கிழமை பிரிச்சுடலாம்.

மாடித்தோட்டம்_ஸ்ரீரங்கம் எழுதியது:

ஞாயித்துக்கிழமையே பிரிச்சாச்சு. எலுமிச்சைக்கு நுரைக்கல. தண்ணி ஊத்தும்போது மணல் கலையாம இருக்க எவர்சில்வர் தட்டு ஒண்ணை உள்ள வெச்சு அது மேல மெதுவா ஊத்தினேன், மறுநாளே தெளிஞ்சிடுச்சு. மீன் எப்ப விடலாம்?

கொளத்தூர்க்காரன் எழுதியது:

தேதி பாக்காதீங்க, தண்ணி டெஸ்ட் கிட் பாருங்க. அம்மோனியா, அதுல இருந்து அடுத்து வர்ற விஷமான நைட்ரைட், ரெண்டும் ஒரு வாரம் தொடர்ந்து பூஜ்யம் காட்டணும். நாலு முதல் ஆறு வாரம் ஆகலாம், செடி நிறைய இருந்தா சீக்கிரமே வரும். நடுவுல வாலிஸ்னேரியா பழைய இலை கரையும், கண்ணாடியில காப்பித்தூள் மாதிரி பழுப்புப் பாசி படியும். ரெண்டும் தானா போகும், பயந்து பிடுங்கிடாதீங்க. விடும்போது மூணு விடுங்க, பத்து நாள் கழிச்சு மிச்சம். ஆண் மட்டும் வெச்சுக்கிட்டா நல்லது, இல்லன்னா பொங்கலுக்கு அறுபது நிக்கும்.

மாடித்தோட்டம்_ஸ்ரீரங்கம் எழுதியது:

அஞ்சு வாரம் கழிச்சு வர்றேன். காப்பித்தூள் வந்துச்சு, போயிடுச்சு. அனுபியாஸ்ல சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு புது இலை, மத்த இலையை விட வெளிர்பச்சை. பக்கெட்ல ஒண்ணு செத்துப் போச்சு, மிச்சம் அஞ்சு. மூணு நேத்து தொட்டிக்குப் போச்சு, மேல வரல, நீர்ப்பிரம்மிக்குள்ளயே சுத்துது. எங்கிருந்தோ ஒரு நத்தை வந்திருக்கு, பொண்ணு அதுக்கு வெள்ளையம்மான்னு பேர் வெச்சிட்டா, எடுக்க விட மாட்டேங்கறா.

ஒரு சந்தேகம். அஞ்சுல ஒண்ணு வயிறு பெருத்து, வாலுக்கு முன்னாடி கறுப்பா ஒரு புள்ளி தெரியுது. வியாதியா?

கொளத்தூர்க்காரன் எழுதியது:

வியாதி இல்ல, பிரசவம். ஹார்ன்வொர்ட்டை வெட்டாதீங்க, குஞ்சு ஒளியறதுக்கு அதுதான் இடம்.